ஆறு பேர் சேர்ந்து பேசிய வினைச்சொல்

மகனே, நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. காலையில்தான் வாட்ஸ்அப்பில் உன் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாததைத் தவிர வேறு குறை தெரியவில்லை. போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தாலே பரிசம் போட்ட அன்றைய சபையை நினைத்து நீ சிரிக்கத் தொடங்கிவிடுகிறாய். பின்னாலிருந்து லூசியாவும் சிரிக்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. அன்று திகைத்தவள், இன்றுவரை திகைத்தபடிதான் சோறு வடிக்கிறேன். இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். நம் லயத்தில், ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் இந்தக் காம்பரா வரிசையில், மூடிய கடிதம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. தபால்காரர் படியேறி வருவதற்குள் விஷயம் நாலு காம்பராவுக்குப் போய்விடும். ஆகவே யாரும் படித்துக்கொள்ளட்டும். தை மாதக் கல்யாணத்துக்கு நீங்கள் இருவரும் மறுபடி வந்து இறங்குவதற்கு முன் நீ படித்துவிட்டால் எனக்குப் போதும்.

திகைப்பு எங்கே தொடங்கியது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஸ்பெயினில் ஒரு கடற்கரை ஹோட்டலின் சமையலறைக்கு வேலைக்குப் போன நீ, அந்த ஊர்ப் பெண் லூசியாவைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்ன அன்று அல்ல. அன்று அப்பா குடித்துக்கொண்டிருந்த தேநீரைப் பாதியில் கீழே வைத்தார். வேலைக்காலம் முழுவதும் தோட்டத்துப் பெக்டரியில் தேயிலை அரைத்தவர், தேநீரைப் பாதியில் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பிள்ள சோறு திங்குமா?" திங்கும் என்றாய். மறுபடி எடுத்துக் குடித்தார். அடுத்த சேதிதான் எங்களை உட்கார வைத்தது. நீ அங்கே தங்கப்போவதில்லை. இங்கே திரும்பி வந்து றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு விடுதி நடத்தப்போகிறாய். லூசியாவும் வந்து இங்கேயே இருக்கப்போகிறாள். எப்படியாவது இந்த மலையை விட்டு இறங்கிவிடு என்று சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தவள் நான். நீ இறங்கியும் போய், கீழே இருந்த ஒருத்தியையும் மேலே கூட்டிக்கொண்டு வருகிறாய்.

மூன்றாவது சேதி, லூசியாவின் அம்மா கார்மென். "மகளை எங்க விட்டுட்டுப் போறோம்னு பாக்காம சம்மதிக்க மாட்டாங்களாம்மா" என்றாய். நியாயம்தான். கணவரை இழந்தவர், ஒரே மகள், தெரிந்த மொழி ஸ்பானியம் மட்டும். அதனால் என்ன, நடுவில் நீ இருந்து இரண்டு பக்கத்துக்கும் சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். உன் பெரியப்பா அப்படி நினைக்கவில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவராக இருந்தவர். பதவி போன பிறகும் குரல் போகாதவர்.

"பரிசம் போடுற சபையில மாப்பிள்ளையும் பொண்ணும் வாயத் தொறக்கப்படாது. மாப்பிள்ளையே தனக்குப் பொண்ணு கேட்டா அது சம்பந்தமா, சந்தையா? பெத்தவ வாயால கேக்கணும், பெத்தவ வாயால பதில் சொல்லணும்."

"கேக்குறவளுக்கு ஒரு பாஷை, சொல்றவங்களுக்கு ஒரு பாஷையா இருக்கே மாமா."

"நீ டீச்சர்தானே? படி."

இப்படித்தான் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி மறுபடி மாணவியானாள். படிக்காவிட்டால் அந்த அம்மா மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது. உனக்கும் இருந்தது, குரலில் தெரிந்தது.

நீ அனுப்பிய குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. "அம்மா, ஒழுங்கா நடக்குற வினைச்சொல் ஒண்ணே ஒண்ணு படிங்க, போதும். ஆப்லார்னா பேசுறது. கடைசியில இருக்க ஆர் சத்தத்த வெட்டிருங்க. அந்த எடத்துல ஆளுக்கு ஒரு வால ஒட்டுங்க. நான்னா ஓ. நீன்னா ஆஸ். அவன், அவள்னா ஆ. நாமன்னா ஆமோஸ். நீங்க எல்லாரும்னா ஆய்ஸ். அவங்க எல்லாரும்னா ஆன். இது வசப்பட்டா, இதே மாதிரி நடக்குற சொல்லெல்லாம் தன்னால வந்துரும்." ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ், ஆப்லாய்ஸ், ஆப்லான். எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்.

முதலில் எனக்கு ஏற்பட்டது உறவினர் வீட்டுக்குள் தவறி நுழைந்த உணர்ச்சி. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். இங்கே, ‘பேசுகிறேன்’ என்றால் நான்தான் என்று தமிழில் தெரிந்துவிடுவதைப் போல, ஆள் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். ஸ்பெயின் எங்கே, நம் டிக்கோயா எங்கே! அந்த மகிழ்ச்சி மூன்றாவது வால் வரைக்கும்தான். அவன் பேசுகிறான், அவள் பேசுகிறாள், அவர் பேசுகிறார், அது பேசுகிறது, எல்லாவற்றுக்கும் ஒரே ஆப்லா. அதிர்ந்துபோய் உனக்குப் போன் செய்தேன். "துரைக்கும் அதே வாலா?" என்று கேட்டேன். அதேதான் என்றாய். "துரை வீட்டு நாய்க்கு?" நாய் பேசினால் அதற்கும் அதேதான் என்றாய். எதிரே இருக்கும் பெரியவரிடம் மரியாதையாகச் சொல்வதற்கும் இதே ஆப்லாதானாம்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் தோட்டத்தில் ஒரு மனிதனுடைய தகுதி முழுவதும் அந்த வாலில்தானே தொங்கிக்கொண்டிருக்கிறது? நான் வந்தால், கணக்கப்பிள்ளை "டீச்சர் வர்றாங்க" என்பார். அப்பா வந்தால் "அந்தா வர்றான்" என்பார். நாங்கள் இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே குடைக்குள்தான் வந்திருப்போம். இத்தனை பெரிய ஏற்பாட்டை ஒரு நாடே ஓர் எழுத்தில் முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுகிறது என்றால் நான் எப்படிச் சாப்பிடுவது?

போதாததற்கு, நிகழ்காலம் மட்டும் படித்தால் போதும் என்று நீ சொல்லிவிட்டாய். இறந்தகாலம் இல்லாமல் நம் குடும்பத்தில் என்னத்தைப் பேச முடியும்? அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்து பேசுவதெல்லாம், யார் யாருக்கு என்ன செய்தார்கள், யார் யாரைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்பதுதான். அதை எடுத்துவிட்டால் இருவரும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறு வாலும் எனக்கு வரவில்லை. ஆமோஸைப் பிடித்தால் ஆய்ஸ் ஓடிவிடும். ஒரு நாள் மாலை பக்கத்துக் காம்பரா பாக்கியம் சித்தி எட்டிப் பார்த்தாள். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்தில் உனக்குச் சோறூட்டியவள். இப்போதும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள்.

"என்னங்க டீச்சர், தனியா மொனங்கிக்கிட்டு இருக்கீங்க? மந்திரமா?"

"மருமக பாஷை. ஆறு வால் இருக்கு பாக்கியம். ஒண்ணப் புடிச்சா ஒண்ணு ஓடுது."

"ஆறு நிரையையும் ஒத்த ஆளா எடுப்பாங்க? ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சு விடுங்க."

உனக்கு நிரை என்றால் என்னவென்று தெரியும். லூசியாவுக்கு நீ சொல்ல வேண்டியிருக்கும். காலையில் மலைக்குப் போனதும் கங்காணி ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைத் தேயிலைச் செடியைக் காட்டிவிடுவார். அது அவளுடைய நிரை. அதில் இன்னொருத்தி கை வைக்க மாட்டாள். இந்த முறையில் ஒரு மலையே காலி செய்யப்படுகிறது என்றால் ஒரு வினைச்சொல் எம்மாத்திரம் என்று எனக்கும் தோன்றியது. பிரித்தேன். ஓ எனக்கு. ஆஸ் பாக்கியத்துக்கு. ஆ அப்பாவுக்கு, இருப்பதிலேயே சின்னது, அவர் பேசும் அளவுக்குச் சரி. ஆமோஸை உன் பெரியப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் எந்தக் காலத்தில் ‘நான்’ என்று பேசியிருக்கிறார்? "நாம இப்ப ஒரு தேத்தண்ணி குடிக்கிறோம்" என்றால் அவருக்கு மட்டும் ஒன்று வேண்டும் என்று அர்த்தம். மிச்சமிருந்த ஆய்ஸும் ஆனும் எதிர்க் காம்பரா அக்கா தங்கைக்குப் போயின.

மாலையில் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் வாசலில் வரிசையாக நிற்பார்கள். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கப் பெயர் கூப்பிடுவதைப் போல நான் சொல்லைக் கூப்பிடுவேன். ஆளுக்கொரு வாலோடு திரும்பி வரும். ஆப்லாருக்கு அடுத்து தோமார், குடிப்பது. தோமோ, தோமாஸ், தோமா. பிறகு த்ரபஹார், வேலை செய்வது. இதெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த எந்த வகுப்பும் இந்த வேகத்தில் போனதில்லை. நான் பெருமையோடு இருந்தபோது பாக்கியத்துக்கு முழங்கால் வலி வந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்று மாலை நான் கூப்பிட்டேன். "ஆப்லோ" என்றேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

"நீ சொல்லேன்டி" என்றேன் அக்காக்காரியிடம்.

"ஐயோ, அது பாக்கியம் அக்கா நிரைங்க டீச்சர். நான் கை வச்சா நாளைக்கு அது மொகத்துல முழிக்க ஏலுமா?"

"இது கொழுந்து இல்லடி. வெறும் வாய்ச் சத்தம்."

"எதுவா இருந்தா என்னங்க. அது வந்து சொல்லட்டும்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் ஆ என்ற எழுத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு முறை வரட்டும் என்று காத்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறு பேருக்கும் ஸ்பானியம் தெரிந்திருந்தது, ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான். அத்தனை நாளும் நான் பேசுகிறேன், நான் குடிக்கிறேன், நான் வேலை செய்கிறேன் என்று என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். திருத்துவதற்கு நேரம் இருக்கவில்லை. நீங்கள் மூவரும் ஹட்டனில் ரயில் இறங்கிவிட்டீர்கள்.

சபை கூடிய அன்று காலையில் நடந்ததை நீ பார்க்கவில்லை. நீ குளித்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா வந்து விரிப்பைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில், "பாக்கியம் அடுப்படியிலேயே இருக்கட்டும். தாலி இல்லாதவ பரிசத் தட்டுக்கு முன்னால நிக்கப்படாது" என்றார்.

"சம்பந்தியம்மாவுக்கும் புருஷன் இல்லீங்களே மாமா."

பெரியப்பா தட்டில் இருந்த வெற்றிலையை நேராக்கினார். "அவங்க வெளிநாடு" என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒரு சட்டம் திருத்தப்பட்டதை நான் எங்கேயும் கண்டதில்லை. பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "விடுங்க டீச்சர், வடை கருகுது" என்று உள்ளே போனாள். நானும் விட்டேன். அதையும் எழுதினால்தான் இது கடிதம்.

மிச்சம் உன் கண் முன்னால் நடந்தது. ஆனாலும் நீ சுவரோரம் வாயை இறுக்கிக்கொண்டு நின்றதால் உனக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நான் தட்டை நீட்டித் தமிழில் பெண் கேட்டேன். எதற்காக நீட்டுகிறேன் என்று நீ முன்பே அவருக்குச் சொல்லி வைத்திருந்தாய். கார்மென் தட்டை வாங்கவில்லை. யன்னல் வழியாக வெளியே பார்த்தார். பனி இறங்கி, மலை போய், எதிர் லயம் போய், வாசலில் இருந்த கொய்யா மரம் பாதி போயிருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பும் போனது. லூசியாவைக் கையால் காட்டி என்னைக் கேட்டார்: "கியேன் ஆப்லா கோன் எய்யா?"

கியேன் என்றால் யார். நீ சொல்லிக்கொடுத்த ஒரே கேள்விச்சொல். ஆப்லா என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கை மகளைக் காட்டிக்கொண்டிருந்தது. யார் பேசுவது, இவளோடு? நீ விடுதி விருந்தாளிகளைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்போது, இந்தப் பனிக்குள்ளே, என் மகளோடு யார் பேசுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். நீ வாயைத் திறந்தாய். பெரியப்பா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாய்.

"ஆப்லோ" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாமியார் பேசுவாள் என்பது எந்தத் தாய்க்கும் ஆறுதலான பதில் இல்லை. அடுத்து யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். பழகின வாய்கள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. ஆனால் அடுத்த நிரை பாக்கியத்துடையது. அப்பா தன் எழுத்தோடு காத்திருந்தார். அக்காவும் தங்கையும் தரையைப் பார்த்தார்கள். கார்மென் மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். லூசியா அழத் தொடங்கினாள். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பிலும் நான் அப்படிக் கத்தியதில்லை.

"பாக்கியம்!"

"ஆப்லாஸ்!" என்று அடுப்படியிலிருந்து சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு வடைக் கரண்டியோடு ஆள் வந்தாள். நிலைப்படியோடு நின்றுவிட்டாள்.

கார்மெனுக்கு அங்கே யாரும் எதையும் சொல்லவில்லை. அத்தனை பேரும் உள்ளே இருக்க ஒருத்தி மட்டும் படியைத் தாண்டாமல் ஏன் நிற்கிறாள் என்று அவருக்கு விளங்கியதா என்று எனக்குத் தெரியாது. எழுந்தார். நேராகப் போய், மாவு ஒட்டியிருந்த அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, விரிப்பில் தனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். கரண்டி கையிலேயே இருந்தது. பரிசத் தட்டுக்கு எதிரே புருஷன் இல்லாத இரண்டு பெண்கள்.

"ஆப்லா" என்றார் அப்பா. கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலை அந்த உயரத்தில் நான் கேட்டதில்லை.

அடுத்த நிரை பெரியப்பாவுடையது. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சொன்னால், பாக்கியம் உட்கார்ந்ததை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால், சம்பந்தி கேட்ட கேள்விக்குப் பாதி பதிலோடு சபை கலையும். கரண்டியிலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, சங்கக் கூட்டங்களில் மைக் இல்லாமல் பேசியவர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஆப்லாமோஸ்." அவர் வாயில் வந்த ‘நாம்’ என்ற சொல்லுக்குள் வேறு ஆட்களும் இருந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு ஆப்லாய்ஸ், ஆப்லான் என்று அக்காவும் தங்கையும் ஓடி முடித்தார்கள். நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர் பேசுகிறார், நாம் பேசுகிறோம், நீங்கள் எல்லாரும் பேசுகிறீர்கள், அவர்கள் பேசுகிறார்கள். அந்த அம்மா கேட்டது ஒரு கேள்வி, எங்களிடம் இருந்தது அவ்வளவுதான், முழுவதையும் கொடுத்துவிட்டோம். அவர் சிரித்தாரா அழுதாரா என்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தட்டை வாங்கியபோது பாக்கியத்தின் கையையும் சேர்த்துப் பிடித்திருந்தார் என்பதை மட்டும் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பா எல்லோரிடமும், "அது சம்பந்தி வீட்டு வழக்கம். நாம மறுக்க ஏலுமா?" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் எழுதியது ஒரு காரியத்துக்காக. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு சான்றிதழ் எடுக்க நுவரெலியாவில் ஓர் அலுவலகத்துக்குப் போனோம், நினைவிருக்கிறதா? அலுவலர் சிங்களத்தில் கேட்டார். நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ பதில் சொல்லிவிட்டாய். கெட்டிக்காரத்தனம்தான், வீட்டுக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மனிதர் என் பெயரைக்கூட உன்னிடம்தான் கேட்டார். நான் உன் கையில் இருந்த பையைப் போல நின்றுகொண்டிருந்தேன். லூசியா இங்கே வந்ததும் நீ அதையே செய்வாய். அன்பினால்தான் செய்வாய். கடையில், கோயிலில், பஸ்ஸில் அவள் சொல்லைத் தேடும் முன்பே நீ சொல்லி முடித்துவிடுவாய். செய்யாதே. அவள் தேடட்டும். ஐயரை "வர்றான்" என்பாள். நாயை "வர்றாங்க" என்பாள். ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன்; நாய் ஒன்றும் நினைக்காது. அவளுடைய நிரையில் நீ கை வைக்காதே, அவ்வளவுதான்.

நேற்று பாக்கியம் வந்தாள். கார்மென் லூசியாவின் போனில் அவளைக் கூப்பிடுகிறார் என்பது உனக்குத் தெரியும். என்னைவிட அவளைத்தான் அதிகம் கூப்பிடுகிறார்.

"டீச்சர், அந்தம்மா முகத்தப் பாத்துப் பாத்து என்னமோ கேக்குறாங்க. நானும் ‘நீ பேசுற, நீ பேசுற’ன்னே சொல்லிக்கிட்டு இருக்கேன். எத்தன நாளைக்குத்தான் அவங்களையே பேசச் சொல்றது? ஒங்க நிரைய எனக்கும் கொஞ்சம் விட்டுத் தருவீங்களா?"

தந்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். படியிறங்கிப் போகும்போது மழைக்குள்ளே மூன்றாவது தடவை சொன்னது எனக்குக் கேட்டது: ஆப்லோ. கல்யாணத்தன்று மணவறைப் பக்கத்தில் பாக்கியம் எங்கே நிற்பாள் என்று பெரியப்பா இன்னும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கு இல்லை. அவளே சொல்வாள்.

அம்மா